கட்டைவிரல் அனுமதியாகாது

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கல்லூரியின் பேஸ்புக் பேஜில் ஓர் அறிவித்தல் வந்தது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

மூன்று மொழி. படம் நேராக இருந்தது. பெயரில் பிழை இல்லை. பட்டம், பதவி, சேவைக்காலம் எல்லாம் பழைய கோப்போடு ஒத்துப் பார்க்கப்பட்டவை. சிங்களத்தில்கூட ஒரு புள்ளி தவறவில்லை.

'எமது கல்லூரியின் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஜமால்தீன் அவர்கள் காலமானார். ஜனாஸா நல்லடக்கம் இன்று ளுஹர் தொழுகையின் பின்னர் தில்லையடியில் நடைபெறும்.'

அறிவித்தல் வெளிவந்த நேரம் – பிற்பகல் ஒன்று நாற்பது.

ளுஹர் தொழுது, அடக்கம் செய்து, வந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பத் தொடங்கியிருந்த நேரம் அது.

அந்தப் பிழையில்லாத அறிவித்தலைத் தயாரித்தவன் நான்தான்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் வரலாறு தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் அரச கந்தோர்களில் கோப்புத் தள்ளியவன். பென்ஷன் எடுத்து வீட்டில் உட்கார்ந்ததும், எந்தச் சுற்றுநிருபத்தின் எந்தப் பந்தியில் என்ன இருக்கிறது என்று கேட்க ஆளில்லாமல் தவித்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் கல்லூரி அதிபர் வந்தார். "சேர், ஊடகமும் பொதுசனத் தொடர்பும் பாக்க ஒரு ஆள் தேவ. நீங்க வந்தா நல்லம்" என்றார்.

சம்பளம் இல்லை. மேசையும் கதிரையும் உண்டு. போதாதா?

வேலை என்ன? பரீட்சை முடிவு வந்தால் பெனர் அடிக்க வேண்டும். விளையாட்டுப் போட்டி என்றால் பிரதம அதிதியின் பெயரை மற்றவர்களுடையதற்கு மேலே போட வேண்டும். பத்திரிகைக்குப் படம் அனுப்ப வேண்டும் – அவர்கள் பிரதம அதிதியைப் பாதியாக வெட்டிப் போட்டால், அவருக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு பேஜ். வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்களுக்குக் கல்லூரி என்றால் இப்போது கட்டிடம் இல்லை... அந்தப் பேஜ்தான்.

பேஜில் ஆகக் கூடுதலாக வாசிக்கப்படுவது எது தெரியுமா? பரீட்சை முடிவு இல்லை. மௌத் அறிவித்தல்.

நம் ஆட்களின் வழமை உங்களுக்குத் தெரியும். காலையில் மௌத் என்றால் பகலில் அடக்கம். ஊரில் இல்லாத மகனுக்காகக்கூட அதிகம் காக்க வைப்பதில்லை. ஆகவே செய்தி ஓட வேண்டும். ஜனாஸாவைவிட வேகமாக ஓட வேண்டும்.

நான் பொறுப்பேற்ற இரண்டாம் மாதம் ஒருநாள் செய்தி ஓடியது. ஓட்டியவனும் நான்தான்.

காலையில் ஒருவர் போன் எடுத்தார். "ஜமால்தீன் சேர் மௌத்தாம்." பத்து நிமிடத்தில் பேஜில் போட்டேன். படத்தோடு! மற்ற எல்லோருக்கும் முதலில் நாங்கள்தான் போட்டோம் என்று ஒரு பெருமை வேறு.

மௌத்தானவர் கனமூலையில் இருந்த இன்னொரு ஜமால்தீன் சேர். ஒரு காலத்தில் எங்கள் கல்லூரியில் வர்த்தகம் படிப்பித்தவர். நான் போட்ட படமோ தில்லையடி ஜமால்தீன் சேருடையது. தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து உடுத்த சாரத்தோடு வந்தவர். முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் கணிதம் படிப்பிக்கத் தொடங்கி, எங்கள் கல்லூரியில் படிப்பித்து முடித்தவர். பிள்ளைகள் இல்லை. மனைவியும் காலமாகி விட்டார். சகோதரி மகன் நிஸாரின் வீட்டோடு ஓர் அறை.

பிழை தெரிந்ததும் ஓட்டோ பிடித்துக்கொண்டு ஓடினேன். ஒழுங்கை முழுக்க மோட்டார் சைக்கிள்கள். உள்ளே போனால், 'மையித்து' கூடத்தில் இருந்து பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருக்கிறது!

சுற்றிவர அவருடைய மாணவர்கள். கடைக்காரர், ஆசிரியர், உப்பளத்தில் வேலை செய்கிறவர், வழக்கறிஞர் ஒருவர். நுரைச்சோலையிலிருந்து ரிஸ்வான் என்றொருவர் – மீன்பிடிகாரர், சாதாரண தரக் கணிதத்தை மூன்றாம் முறை எழுதிப் பாஸானவர் – கடலால் வந்து சாரம் மாற்றாமலே ஓடி வந்திருந்தார். தலையை வாசல் நிலையில் சாய்த்து அழுதுகொண்டிருந்தார். சேர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த பிறகும் அந்த அழுகை நிற்கவில்லை.

"டேய் ரிஸ்வான்," என்றார் சேர், "மூணாந் தரமும் பெயிலாக்காம விட்டதுக்கு இவ்வளவு அழுகையா? இந்தா, ரீயக் குடி. சீனி காணாட்டிச் சொல்லு."

நான் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். "இப்பவே திருத்தம் போடுறன் சேர்" என்று போனை எடுத்தேன்.

அவர் என் கையைப் பிடித்தார்.

"கொஞ்சம் பொறுத்துப் போடுங்கோ. இன்னும் ரெண்டு பேர் பாலாவியில பஸ்ஸால இறங்கிட்டாங்களாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்க, மெதுவாகச் சொன்னார்.

"புள்ள இல்லாதவன்ட மையித்த ஆரு தூக்குவாங்க எண்டு ஒரு யோசின இருந்திச்சு நானா. இண்டைக்கு அது போயிட்டு."

நான் பொறுத்தேனா? இல்லை. நாலே நிமிடத்தில் திருத்தம் போட்டேன். 'ஜமால்தீன் ஆசிரியர் நலமாக உள்ளார் என்பதை மிகுந்த வருத்தத்துடன் அறியத்தருகிறோம்' என்று கைப்பழக்கத்தில் எழுதி, அதற்கும் ஊர் சிரித்தது.

சேர் அதை ஒரு பகிடியாக எடுத்துக்கொண்டார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. சேவைக்காலம் முழுக்க ஒரு விளக்கக் கடிதம்கூட எழுத நேராதவன் நான். ஊர் என்னைப் பார்த்துச் சிரிப்பதா?

அந்தக் கிழமையே ஒரு படிவம் தயாரித்தேன். ஊடக வெளியீட்டு அனுமதிப் படிவம். எட்டு விதிகள். இரண்டு உறுதிப்படுத்தல்கள் – அதில் ஒன்று எழுத்தில். மூன்று மொழி. அதிபரின் எழுத்துமூல அனுமதி. பேஜின் தலைமாட்டில் ஒரு வேண்டுகோளும் போட்டேன்: 'எமது பேஜில் வெளிவராத எந்தச் செய்தியையும் நம்ப வேண்டாம்.'

ஊர் அதைக் கேட்டு நடந்தது. என் வாழ்க்கையில் ஊர் முழுமையாகக் கடைப்பிடித்த ஒரே சுற்றுநிருபம் அதுதான்.

இனிச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

காலை ஆறு நாற்பதுக்கு றிஸ்னா மிஸ் போன் எடுத்தார். தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிற இளம் ஆசிரியை. பேஜில் ஏற்றுகிற வேலை அவருடையது.

"சேர், ஜமால்தீன் சேர் சுபஹுக்குப் பிறகு மௌத்தாகிட்டாராம். போடவா?"

"எந்த ஜமால்தீன்?"

"எங்கட ஜமால்தீன் சேர்தான். நிஸார் நானாதான் சொன்னவர். பள்ளியிலயும் சொல்லிட்டாங்க."

"பள்ளி எழுத்தில தந்ததா?"

"சேர்... மௌத்து, சேர்."

"மௌத்துக்குத்தான் மிஸ் இந்தப் படிவமே."

நானே தில்லையடிக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். நேரில் கண்ட உறுதிப்படுத்தலாக இருந்திருக்கும். ஆனால் விதி இரண்டின்படி படிவம் நிரப்புகிறவரும் உறுதிப்படுத்துகிறவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது. எழுதியவனுக்குத் தெரியாதா? நேரே கல்லூரிக்குப் போனேன். அலுமாரியைத் திறந்து படிவத்தை எடுத்தேன்.

ஒன்பது மணிக்கு நிஸார் வந்தார். மாமாவைக் குளிப்பாட்ட ஆயத்தம் செய்துகொண்டிருந்த மனிதரை ஒரு கடிதத்துக்காக நான் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அலைய விட்டிருந்தேன். அவருடைய சேர்ட்டின் கை நனைந்திருந்தது. கடிதத்தை மேசையில் வைத்தார்.

"இந்தாங்க சேர். மாமா இப்பவும் மௌத்துத்தான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கடிதத்தில் திகதி இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்த்தேன். இருந்தது.

ஒன்பதேகாலுக்கு எல்லாவற்றையும் படமெடுத்து அதிபருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் வலயக் கல்விக் காரியாலயத்தில் கூட்டத்தில் இருந்தார். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

ஒரு கட்டைவிரல்.

"சரி சேர், ஏத்துறன்" என்றார் றிஸ்னா மிஸ். விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

"பொறுங்க. கட்டைவிரல் அனுமதியாகாது மிஸ். நாளைக்கு ஒடிட்டில கேட்டா விரலயா காட்டுற?"

"அதிபர் ஓம் எண்டுதானே சேர் சொல்றார்?"

"அப்ப ஓம் எண்டு எழுதட்டும்."

'தயவுசெய்து எழுத்தில் தரவும்' என்று அதிபருக்கு அனுப்பினேன். அதற்குள் அவர் போனை அணைத்துவிட்டார். மேலதிகாரி பேசத் தொடங்கியிருக்க வேண்டும்.

பத்து மணி. பதினொரு மணி. சும்மா இருக்கவில்லை நான். சிங்களத்தைத் திருத்தினேன். படத்தின் ஓரத்தை வெட்டினேன். றிஸ்னா மிஸ் சாளரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஒரு தடவை மட்டும் கேட்டார். "என்ட சொந்தப் பேஜிலயாவது போடட்டா சேர்?"

விதி ஏழு. உத்தியோகபூர்வ அறிவித்தலுக்கு முன் ஆசிரியர்கள் தனிப்பட்ட முறையில் வெளியிடலாகாது.

பன்னிரண்டு மணிக்குத் தில்லையடிக்குப் போனேன். பள்ளியில் இரண்டு வரிசை. வழமையாக ளுஹருக்கு வருகிறவர்கள். தொழுகை முடிந்ததும் கடைக்காரர்கள் கடைக்குப் போனார்கள். வேலை நாள்... அவர்களைக் குறை சொல்ல முடியாது. சந்தூக்குப் பெட்டியின் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நடந்தோம். சுற்றிவரப் பார்த்தேன். அவரிடம் படித்த முகம் ஒன்றுகூட இல்லை.

ஆள் கூடின ஜனாஸா என்றால் உங்களுக்குத் தெரியும், தோள் கொடுக்க இடம் கிடைக்காது. நாலு அடி நடப்பதற்குள் பின்னால் வருகிறவர் தள்ளிவிட்டுத் தன் தோளைக் கொடுப்பார். நன்மைக்குப் போட்டி.

எனக்கு அன்று இடம் கிடைத்தது. மையவாடி வாசலிலிருந்து கபுறுக்குழி வரைக்கும். முழங்கால் நோகிறது என்று திரும்பிப் பார்த்தேன். மாற்றுவதற்குப் பின்னால் ஆளில்லை.

மூன்று பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது போன் அதிர்ந்தது. அதிபர். 'மேற்படி அறிவித்தலை வெளியிட அனுமதி வழங்கப்படுகிறது.' எழுத்தில்! பெயரும் பதவியும்கூடப் போட்டு, றிஸ்னா மிஸ்ஸுக்கும் அனுப்பியிருந்தார். நான் கையைத் தட்டி மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்த நேரத்தில் றிஸ்னா மிஸ் அதை விதிப்படி ஏற்றிவிட்டார்.

அதற்குப் பிறகு ஊர் வந்தது. இரண்டு மணிக்கு ஒருவர். மூன்று மணிக்கு ஐந்து பேர். அஸர் தொழுகைக்குள் ஒழுங்கை முழுக்க மோட்டார் சைக்கிள்கள் – அன்றைக்குப் போலவே. நிஸார் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்தார். யாரும் குடிக்கவில்லை.

ரிஸ்வான் நாலு மணிக்கு வந்தார். நுரைச்சோலை என்ன, கொழும்பா? ஒரு மணித்தியாலம்கூட எடுக்காது. வாசலில் நின்று என்னைத்தான் பார்த்தார்.

"காலையில ஏழு மணிக்கே எனக்கு வட்ஸ்அப்பில வந்திச்சு சேர்."

"பிறகு?"

"பேஜப் பாத்தன். பேஜ்ல இல்ல. எட்டு மணிக்கும் பாத்தன். பத்து மணிக்கும் பாத்தன். திரும்பவும் பொய்யாக்கும் எண்டு நெனச்சன் சேர். சேர் இப்பவும் இதில இருந்து ரீ ஊத்திக்கிட்டு இருப்பாரு, ஞாயித்துக்கிழம போய்ச் சிரிச்சுட்டு வருவம் எண்டு... வல பின்னிக்கிட்டு இருந்தன்."

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"ஆரு சேர் தூக்கின?" என்று மட்டும் கேட்டார்.

நான் என் வலது தோளைத் தொட்டுக் காட்டினேன்.

பிழையாகச் சொன்னவனை ஊர் ஒருநாள் சிரித்துவிட்டு மறந்துவிடும். அந்தப் பிழையால் ஒரு கிழட்டு மனிதருக்கு ஒருநாள் பெருநாள் கிடைத்தது. சரியாகச் சொன்னவனை யாரும் சிரிக்கவில்லை. கோப்பில் ஒரு குறையும் இல்லை. எந்த ஒடிட் வந்தாலும் நான் தப்பிவிடுவேன். பொறுத்துப் போடுங்கோ என்று அவர் கையைப் பிடித்துக் கேட்ட அன்று நாலு நிமிடம். கேட்க அவர் இல்லாத அன்று ஏழு மணித்தியாலம்.

புதன்கிழமை காலையில் றிஸ்னா மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன்.

"மிஸ், இனிமேல் மௌத் செய்தி எண்டா வீட்டாக்கள்கிட்டக் கேட்டுட்டு உடனே போடுங்க. படிவம் வேணாம். என்னயும் கேக்க வேணாம்."

"சரி சேர். அத எழுத்தில தாங்க."

கொடுத்தேன். கையெழுத்து, திகதி, இறப்பர் முத்திரை – எல்லாம் சரி. ஓர் ஆளுக்குத்தான் பிந்திவிட்டது.