ஒன்பதாவது போல்ட்டு

பழைய கார் எஞ்சினைப் பிரிக்கிறது பாதி வேலைன்னா, துருப்பிடிச்ச போல்ட்டோட மல்லுக்கட்டுறது மீதி வேலை. நீங்களும் என்னை மாதிரி மெக்கானிக்குன்னா உங்க விரல் முட்டிக் காயத்தைப் பார்த்தே சொல்லிடுவேன்.

சவடால்

விருத்தாசலத்துல இருக்கிற என் ஷெட்டுக்கு, மங்கலம்பேட்டை ஜப்பார் பாய் ஒரு கிழட்டு அம்பாசிடரை லாரியில ஏத்திக் கொண்டாந்தார். அவரோட அத்தா, அதான் அப்பா, ஓட்டின வண்டி. நிக்காஹ் முடிஞ்சு இதுலதான் புருஷன் வூட்டுக்குப் போவேன்னு பாயோட மக ஒத்தக்கால்ல நிக்குதாம். இருக்கிறது பத்தே நாள். "அதுக்கென்ன பாய், ஜமாய்ச்சிடலாம்"னு அளந்துவிட்டேன். துபாயிலயே காலத்தைக் கழிச்ச மனுஷன், பானட்டைத் தடவிக்கிட்டே சொன்னார்:

"என் பொண்ணு எங்கிட்ட எதுவுமே கேட்டதில்லீங்க. நான் ஊர்ல இருந்தாத்தானே கேக்குறதுக்கு?"

நாலடி பைப்பு

சிலிண்டர் ஹெட்டுல எட்டு போல்ட்டு கழண்டுச்சு. ஒன்பதாவது அசையல. ரெண்டு நாள் எண்ணெய் விட்டேன், தட்டினேன், கெஞ்சினேன். மூணாம் நாள் கோவத்துல ஸ்பேனர்ல நாலடி பைப்பை மாட்டித் தொங்கினேன். மடக்குன்னு ஒடிஞ்சு, துண்டு எஞ்சின் பிளாக்குக்குள்ளயே நின்னுடுச்சு. துளை போட்டு எடுக்கலாம்னா, கொஞ்சம் விலகினாலும் பிளாக்கு காலி. வேற பிளாக்குக்கு எங்க போவேன்? அய்யோன்னு தலையில கைவச்சு உக்காந்துட்டேன். பக்கத்து செராமிக் கம்பெனியில சூளை பாக்குற ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாங்க.

"கோவத்த போல்ட்டு மேல காட்டிட்டீங்க. இனிமே யார் மேலண்ணே காட்டுவீங்க?"

மெழுகுவத்தி

மறுநாள் ஸ்டெல்லா, மாதா கோயில்ல எரிஞ்சு மிஞ்சின மெழுகுவத்தியோட வந்தாங்க. ஒடிஞ்ச துண்டு மேல ஒரு நட்டை வெல்டு வைக்கச் சொன்னாங்க. போல்ட்டை விட்டுட்டு, சுத்தியிருக்கிற இரும்பை நான் காய்ச்சினேன். அவங்க இரும்போட நிறத்தைப் பார்த்தே "போதும்"னாங்க. மெழுகை வச்சதும் உருகி போல்ட்டோட திருகு மரைக்குள்ள இறங்குச்சு. ஸ்பேனரை எடுத்தேன், கையைத் தட்டிவிட்டாங்க. அவசரமா சூளையைத் திறந்தா அத்தனை சாமானும் விரிசல் விட்டுடுமாம். நாலு தரம் காய்ச்சி, நாலு தரம் ஆறவிட்டோம். அப்புறம் திருப்பினா, கிறீச்னு ஒரு சத்தம், நட்டோட கூடவே துண்டும் வந்துடுச்சு! முப்பது வருஷமா ஸ்பேனர் பிடிச்ச நான், என்னைவிடச் சின்னவங்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"கும்பிடு இருக்கட்டும், ஷிஃப்டுக்கு நேரமாச்சு. மிச்ச மெழுகுவத்தியக் குடுங்க."

நிக்காஹ் அன்னைக்கு

சாவி போட்டதும் வண்டி உறுமுச்சு. டிரைவர் சீட்டுல நான் உக்காந்திருந்தேன். பொண்ணு என்னை இறங்கச் சொல்லிட்டு, சாவியை வாங்கி பாய் கையில குடுத்துச்சு. பாய்க்குக் கண்ணு கலங்கிடுச்சு, எனக்கும்தான்.

"நீங்க ஓட்டுங்கத்தா. மெதுவாவே போங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

இப்ப என் டூல் பெட்டியில சொந்தமா ஒரு மெழுகுவத்தி இருக்குது, அந்த நாலடி பைப்பு ஸ்டெல்லா வூட்டுல துணி காயப்போட உதவுது.