தின்னரில் கழுவிய சுறாப் பற்கள்

எங்கள் குடும்பக் குறிப்பேட்டில் பிறப்பு, திருமணம், இறப்பு தவிர வேறெதையும் நான் எழுதுவதில்லை. என் தங்கை கனகலட்சுமிக்காக இந்த ஒரு பக்கம் மட்டும் விலக்கு.

அவள் திருநகரில் விலங்கியல் ஆசிரியை. பதினெட்டு ஆண்டுகளாகக் கோடை விடுமுறைதோறும் அரியலூர்ப் பக்கம் காரைக்குச் சென்று, களிமண் ஓடைகளில் குனிந்தபடியே சுறாப் பற்கள் தேடினாள். டைக்கோடஸ் என்னும் அந்தச் சுறா, அங்கே கடல் இருந்த காலத்தில், ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து அற்றுப்போனது. அதன் பல் கூரியதன்று. சிப்பிகளை நொறுக்குவதற்கேற்பத் தட்டையாக, கொத்திய அம்மிபோல் வரிவரியாக இருக்கும். நாற்பத்தொரு பற்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் அடியிலும் மையால் ஓர் எண். நோட்டில் அவ்வெண்ணுக்கு நேரே கிடைத்த இடம், அளவு, வரிகளின் எண்ணிக்கை. கண்டெடுத்த இடம் தெரியாத பல் ஆய்வுக்கு வெறுங்கல் என்பாள்.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரி அருங்காட்சியகம் அவற்றைக் கேட்டது. ஒப்படைக்க நான்கு நாட்கள் இருக்கையில் ஆயுத பூஜை வந்தது. அவள் கணவர் ஜெயபாண்டிக்கு அவனியாபுரத்தில் லேத் பட்டறை. ஸ்பானர்களைப் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் கழுவியவர், மனைவியின் ஆயுதம் விடுபடலாகாதென்று பற்களையும் பட்டறைக்கு எடுத்துவந்து கழுவி, வரிசையாக அடுக்கிச் சந்தனம் குங்குமம் இட்டுவிட்டார். எண்கள் அனைத்தும் போயின.

“இம்புட்டு அழுக்கோடயா வச்சிருந்த?” என்றார் பெருமையாக.

கனகம் ஒரு பல்லைப் புரட்டிப் பார்த்தாள். அடுத்ததையும் புரட்டினாள்.

“சுறாவுக்குப் பொட்டு வச்ச மொத ஆளு நீங்கதான். அந்த வெர்னியர எடுங்க.”

மூன்று நாட்கள் அவர் வெர்னியர் அளவியால் அளந்து சொல்ல, அவள் வரிகளை எண்ணி நோட்டோடு ஒப்பிட்டாள். முப்பத்தொன்பது பற்கள் தத்தம் எண்ணைத் திரும்பப் பெற்றன. எஞ்சிய இரண்டும் ஒரே அளவு, வரிகளும் ஒன்றே. அவற்றுள் ஒன்று ஓடையில் பொறுக்கியது. மற்றது, பாறையிலிருந்தே அவள் பெயர்த்தெடுத்த, அதனால் எந்த அடுக்கைச் சேர்ந்ததென உறுதியாகத் தெரிந்த ஒரே பல். கல்லூரி முதலில் கேட்டதும் அதைத்தான்.

“ஏதாச்சும் ஒண்ணுல எழுது புள்ள. யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும்ல?”

“என்னாலதான அம்புட்டும்…”

“கழுவுனது நீங்க. பொய் எழுதுனா, அது நான் செஞ்சதாயிரும்.”

இரண்டையும் ஒரே உறையிலிட்டு, ‘ஒன்று பாறையிலிருந்து, எதுவென உறுதியில்லை’ என எழுதிக் கையொப்பமிட்டாள். மற்றவை அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குச் சென்றன. அவ்வுறை அங்கேயே ஓர் அலமாரிக்குள் போயிற்று.

இவ்வாண்டு ஆயுத பூஜையன்று ஜெயபாண்டி சந்தனக் கிண்ணத்தோடு அவளெதிரே தயங்கி நின்றார். அவள் அந்தப் பழைய நோட்டை நீட்டினாள்.

“என் ஆயுதம் இதுதான். அட்டையில மட்டும் வைங்க.”