உயிரோடிருக்கும் அத்தையைப் பார்க்கக் கலேவெலவுக்கு

காலை ஏழரை மணிக்கு மாத்தளை பஸ் நிலையத்தில் கலேவெல பஸ் கிடைத்தது. தம்புள்ளையைச் சுற்றிக்கொண்டு போகிற பஸ் அல்ல. பலாபத்வெல, வஹகோட்டை வழியாகப் போவது. நாற்பது கிலோமீற்றர் அளவு தூரம்தான், ஆனால் வளைவுக்கு வளைவு நின்று ஆளேற்றும். வத்தளையிலிருந்து முதல்நாளே வந்து மாத்தளையில் தங்கியிருந்தேன். மடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய். அதற்குள் நான் நான்கு வருடமாக விசாரித்து விசாரித்து வரைந்த எங்கள் வம்சாவளிப் படம். அதில் ஒரு பிழை இருந்தது. உயிரோடிருக்கும் ஒருவரைச் சாகடித்திருந்தேன்.

பிழை வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கும் ரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் யார் எந்த வருடம் இறந்தார் என்று கேட்டால் ஒருவருக்கும் நினைவிருக்காது. கருமாதி எப்போது என்று கேட்டால் போதும், யார் சமைத்தார், யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார் என்பதுவரை வரும். அதனால் எல்லோரிடமும் கருமாதியைத்தான் கேட்டேன். அப்பாவின் தங்கை லெட்சுமியைப் பற்றிக் கேட்டபோது சித்தப்பா, “அவளுக்குத்தான் கருமாதி செஞ்சாச்சே” என்றார். நானும் கருமாதி நடந்த வருடத்தைக் கணக்குப் போட்டு, பெயருக்குக் கீழே ‘மறைவு’ என்று அந்த வருடத்தை எழுதிப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன்.

அது கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போயிருக்கிறது. ஒரு நாள் புதிய எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

“நீங்க போட்ட படத்துல எங்க உம்மா மௌத்தாயிட்டாங்கன்னு இருக்கு. அவங்க இப்ப குசினியில மீன் வெட்டிக்கிட்டு இருக்காங்க.”

லெட்சுமி அத்தை கலேவெல முஸ்லிம் வியாபாரி ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்து ஹலீமாவாகியிருந்தார். அதற்காக வீட்டார் தலைமுழுகி, உயிரோடிருந்தவருக்கே கருமாதி செய்துவிட்டார்கள். சித்தப்பா பொய் சொல்லவில்லை. நான்தான் கேள்வியைத் தப்பாகக் கேட்டிருந்தேன்.

பலாபத்வெல தாண்டியதும் பக்கத்து சீட்டு அம்மா பேச்சுக் கொடுத்தார். வஹகோட்டை அந்தோனியார் கோயிலில் நேர்த்திக்கடன் தீர்க்கப் போகிறாராம். மடியில் ஒரு கட்டு மெழுகுதிரி.

“எங்க போறீங்க?”

“கலேவெலக்கு. எங்க அத்தையப் பாக்க.”

“சொகமில்லையா?”

“நல்லாத்தான் இருக்காங்க. நான்தான் செத்துட்டாங்கன்னு எழுதிப்புட்டேன்.”

அவர் மெழுகுதிரிக் கட்டை மெல்ல மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டார். ஆனாலும் வஹகோட்டையில் இறங்கும்போது, “ஒங்களுக்கும் சேத்து ஒண்ணு கொளுத்துறேங்க” என்றார். எனக்கு அது வேண்டித்தான் இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அத்தை கதவைச் சாத்திவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

அதன்பிறகு மலை பின்வாங்கி வெயில் ஏறியது. கலேவெலவில் இறங்கும்போது ஒன்பதரை. சந்தைப் பக்கம் வெங்காய மூட்டைகளோடு லொறிகள் நின்றன. போனில் பேசிய ரிஸ்மியா குடையோடு காத்திருந்தாள்.

“நீங்க எனக்கு மாமா மக. மச்சின்னுதான் கூப்புடணும். உம்மா சொல்லிட்டாங்க” என்று சிரித்தாள். கதவு சாத்தப்படாது என்று தெரிந்தது.

வீட்டு வாசலில் நின்ற அத்தைக்கு என் அப்பாவின் அதே மூக்கு. என்னை அணைத்து உச்சி முகர்ந்தார். வட்டிலப்பம் தந்து நான் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு, “படத்த விரி. நான் எப்ப செத்தேன்னு பாப்பம்” என்றார்.

பாயில் விரித்து, மூலைகளில் தேநீர்க் கோப்பைகளை வைத்தோம். தன் பெயரைக் கண்டுபிடித்து, “நல்ல வயசுலதான் போயிருக்கேன்” என்று குலுங்கிச் சிரித்தார். விரல் பக்கத்தில் நகர்ந்து என் அப்பாவின் பெயரில் நின்றது. சிரிப்பும் நின்றது.

“எனக்குக் கருமாதி செஞ்சப்ப அண்ணன் மொட்ட போட்டாரா?”

தாத்தா அப்போது உயிரோடில்லை. மொட்டை போட வேண்டியவர் மூத்தவரான என் அப்பாதான்.

“அந்த மொட்டத் தலைய நெனச்சுத்தான் நான் அந்தப் பக்கமே வரல புள்ள. அவரு போயிட்டாருன்னு கேள்விப்பட்டும் வரல” என்றார் அத்தை.

எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கைக் கதை உண்டு. கல்யாணத்துக்குக் கல்யாணம் அம்மா சொல்லுவார். யாருக்கோ கருமாதி, ஆற்றங்கரையில் அப்பாவை உட்காரவைத்து, சவரக் கத்தியை எடுத்ததும் எழுந்து ஓடியவர் மூன்று நாள் வீடு திரும்பவில்லையாம். கடைசியில் சித்தப்பா தலையை நீட்டினாராம். கத்திக்குப் பயந்த மனிதர் என்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். யாருடைய கருமாதி என்று அம்மா சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஆனால் அப்பா தினமும் காலையில் கத்தியால்தான் முகம் வழிப்பார். கலேவெலவில் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தபோதுதான், அது அத்தையின் கருமாதி என்பது எனக்கு உறைத்தது.

“போடல அத்த. கத்திய எடுத்ததும் ஓடிட்டாரு. சித்தப்பாதான் போட்டாரு.”

“நெசமாவா?”

“அம்மா வாயாலயே கேட்டிருக்கேன்.”

அத்தை முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். ரிஸ்மியா வந்து அவர் முதுகில் கை வைத்தாள். மூவரும் அழுதோம்.

பிறகு நான் திருத்தும் வெள்ளை மையை எடுத்து ‘மறைவு’ என்ற சொல்லை அழிக்கப் போனேன். அத்தை கையைப் பிடித்தார்.

“ஏன் அழிக்கிற? செஞ்சாங்கதானே. கருமாதி செஞ்சாங்கன்னு எழுது, இன்னும் இருக்கேன்னும் எழுது.”

“பேரு எத எழுத, அத்த?”

“ரெண்டும் எழுது. ரெண்டு பேரும் நான்தானே.”

செத்துப்போன பெண்ணுக்குக் கீழே நான் இடமே விடவில்லை. பழைய கலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தை ஒட்டி, அத்தையின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் எழுதினோம். ரிஸ்மியா அதைப் படம்பிடித்து, “இதையும் குடும்பத்துக்குப் போடுங்க மச்சி” என்றாள். அங்கேயே உட்கார்ந்து போட்டேன்.

மாலை மூன்றரை பஸ்ஸில் திரும்பினேன். ஏறும்வரை அத்தை என் கையை விடவில்லை. சித்தப்பா வீட்டிலிருந்து இன்றுவரை ஒரு பதிலும் இல்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

இப்போது கலேவெலவில் ஒரு படம், வத்தளையில் என் சுவரில் ஒரு படம். எங்கள் வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் நேரே அப்பாவின் பெயரிடம்தான் போய் நிற்கிறார்கள். பிறப்பு, இறப்புக்குக் கீழே அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதிய வரி இருக்கிறது: ‘தங்கைக்கு மொட்டை போடாதவர்.’ அது என்ன என்று கேட்கிறார்கள். உட்காரவைத்து, முதலிலிருந்து சொல்கிறேன்.