குளிர் அறைக்குள் கழற்றிய கையுறை

போன வருஷம் நவம்பர் மாதம் நடந்தது இது. இடம் கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரி. டிசம்பரிலும் ஃபேன் இல்லாமல் தூங்க முடியாத ஊர். அந்த ஊரில் இருந்துகொண்டு நானும், மாநகராட்சியில் என்னோடு வேலை பார்க்கும் தோழியும் ஜனவரியில் இமயமலைப் பனியில் நடக்கப்போகும் ஒரு குழுவில் சேர்ந்திருந்தோம். சின்ன வயதிலிருந்து பனியைத் தொட்டுப் பார்க்க ஆசை எனக்கு. அதற்காகவே லீவையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன்.

அழைத்துப் போகிற வழிகாட்டி என்னைவிட ரொம்பச் சின்னவள், தமிழும் கலந்து பேசும் மலையாளிப் பெண். ஆபீஸ் கிடையாது, போர்டு கிடையாது. எனக்கோ சந்தேகம் பிறவிக் குணம். தராசை எட்டிப் பார்க்காமல் வெண்டைக்காய்கூட வாங்கமாட்டேன். அவளிடம் அடையாள அட்டை கேட்டேன், மலையேறப் படித்த சான்றிதழ் கேட்டேன், முன்பு போய் வந்தவர்களின் நம்பரை வாங்கி அவர்களையும் குடைந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதெப்படி எல்லாமே சரியாக இருக்கும் என்று அதிலும் ஒரு சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கொச்சங்காடியில் ஒரு பழைய கிடங்கின் மாடிப்படிதான் எங்களுக்கு மலை. முதுகுப்பையில் பாரத்துக்கு அரிசி, காலில் கனமான பூட்ஸ். ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள், "சேச்சி, மஞ்ஞு கண்டோ?" என்று, அக்கா பனியைப் பார்த்தாச்சா என்று, கிண்டல் செய்வார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு நாள், மீன் வைக்கிற குளிர் அறைக்குள் போய் நிற்க வேண்டும், போனையெல்லாம் வெளியிலேயே வைத்துவிட வேண்டும் என்று அவள் சொன்னதும் பழைய சந்தேகம் கிளம்பிவிட்டது. குளிர் தாங்காதவர்களை அழைத்துப் போகமாட்டேன் என்று வேறு சொல்லியிருந்தாள். தம்பியிடம் சொன்னேன். "அக்கா, எதுக்கும் ஒரு ஆதாரம் எடுத்து வெச்சுக்கோ" என்றான்.

அதனால் பழைய போன் ஒன்றைக் கொடுத்துவிட்டு, என் போனை ஜாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டேன்.

உள்ளே மீன் வாடை, மூச்செல்லாம் புகை. வழிகாட்டி எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தாள். எனக்கு என் தோழிதான் ஜோடி. சற்று நேரத்தில் வழிகாட்டி அவளை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ குசுகுசுத்தாள். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்னைக் கழற்றிவிடத் திட்டம் போடுகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். கையுறையைக் கழற்றி, ஒரு கையால் இரும்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மறைவாகப் படம் எடுத்தேன். பிறகும் கையுறையை மாட்டாமல் அங்கேயே நின்று அவர்களை நோட்டம் விட்டேன்.

முதலில் விரல்கள் தாங்க முடியாமல் வலித்தன. அப்புறம் வலி நின்றே போனது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மற்றவர்கள் ஐயோ அம்மா என்று முனகிக்கொண்டிருக்க, குளிரை நான் ஜெயித்துவிட்டேனே!

"சேச்சிக்கு வேதனை உண்டோ?" என்று வழிகாட்டி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. பழகிப்போச்சு" என்றேன்.

அதற்குள் தோழி வந்து கையைப் பிடித்தாள். "அக்கா, விரலெல்லாம் மெழுகு மாதிரி வெளுத்துக் கிடக்கே!" என்று கத்தினாள். வழிகாட்டி என்னைத் தரதரவென்று வெளியே இழுத்துவந்தாள். சரிதான், கழற்றிவிட்டாள் என்று நினைத்தேன். அவளோ என் விரல்களைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். கொஞ்ச நேரத்தில் விரல்களில் உயிர் வந்தது. வந்த வலியில் வாய்விட்டு அழுதேன்.

"வலி வந்தல்லோ, இனி பேடிக்கண்டா" என்றாள், இனிப் பயமில்லை என்று. வலி இருக்கும் வரை விரல் பிழைத்திருக்கிறது, வலி நின்றால்தான் ஆபத்து என்று அப்போதுதான் புரியவைத்தாள். இந்த அக்கா எதையும் நம்மிடம் வாய்விட்டுச் சொல்லமாட்டார், அவர் கையையும் முகத்தையும் நீ பார்த்துக்கொள் என்றுதான் தோழியிடம் குசுகுசுத்திருக்கிறாள்.

ஜாக்கெட்டிலிருந்து என் போன் எட்டிப்பார்த்தது. அதைப் பார்த்தாள். திட்டவில்லை.

"என்னை இத்தனை சந்தேகப்பட்டீங்க சேச்சி. உங்க விரல் சொன்னதை மட்டும் எப்படி உடனே நம்பினீங்க?"

வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனேன். வரலாமா கூடாதா என்று கேட்கவே பயமாக இருந்தது. அவளே சொன்னாள், வரலாம், ஆனால் மலையில் என் விரல்களைப் பற்றி நான் பேசக்கூடாது, தோழிதான் பார்த்துச் சொல்வாள் என்று.

ஜனவரியில் போனோம். நின்ற இடத்திலெல்லாம், பள்ளிக்கூடத்தில் நகத்தைக் காட்டுகிற பிள்ளை மாதிரி, கையுறையைக் கழற்றித் தோழியிடம் விரல்களை நீட்டினேன். அவள் "சரி அக்கா" என்ற பிறகுதான் அடுத்த அடி. பனியையும் தொட்டேன், பத்து விரலோடும் திரும்பி வந்தேன்.

சந்தேகப் புத்தி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் யாராவது நலம் கேட்டு, "எனக்கு ஒண்ணுமில்ல" என்று என் வாயே சொல்லும்போதுதான் இப்போதெல்லாம் அது முதலில் தலை தூக்குகிறது.