மாமாவின் கசவு வேட்டி

சித்திரை வெயிலில் எங்கள் வீட்டில் மின்விசிறி போடத் தடை இருந்தது. தடை போட்டவள் சித்தி, அம்மாவின் தங்கை. கட்டில், சோபா, சாப்பாட்டு மேசை எல்லாவற்றிலும் சதுரமாக வெட்டிய துணிகளைப் பரப்பியிருந்தாள். காற்று பட்டால் குழந்தைப் போர்வைக்கான மஞ்சள் சதுரம் பறந்து கல்யாணப் போர்வைக்குள் போய்விடும்.

சித்தி ஒட்டுப்போர்வை தைத்து விற்பவள். பாறசாலையிலிருந்து பஸ் ஏறி, களியக்காவிளைத் தையற்கடைகளில் மிஞ்சும் துண்டுத்துணியை மூட்டையாக வாங்கி வருவாள். அந்த முறை நான்கு போர்வைகளுக்குச் சேர்ந்தாற்போல் ஆர்டர் பிடித்திருந்தாள். நான்குக்கும் ஒரே மூச்சில் வெட்டிவிடுவது என்று முடிவு. துணிகளைத் தேய்த்து, ஓரம் பிசகாமல் அடுக்கி, மேல் துணியில் மட்டும் கோடு போட்டுச் சக்கரக் கத்தியை உருட்டுவாள். பீட்சா வெட்டுவது போன்ற கத்தி. ஆன்லைனில் வாங்கியது. நான் தொடக்கூடாது.

துண்டுகள் கலந்துவிடாமலிருக்க வீட்டுத் தட்டங்களையெல்லாம் அவள் எடுத்துக்கொண்டதால், நாங்கள் தரையில் இலை போட்டுச் சாப்பிட்டோம். அப்படி ஒரு மதியம் பெருங்கடவிளையிலிருந்து மாமா வந்தார். அவர் அம்மாவின் அண்ணன்.

“கல்யாணம் உறப்பிக்கது நாளைக்காக்கும். சத்யை இன்னைக்கேயா?” என்றார், நாங்கள் விருந்துபோல் இலையில் சாப்பிடுவதைப் பார்த்து.

கல்யாணம் சித்திக்கு. மறுநாள் மாமா ஒற்றசேகரமங்கலத்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பேசி முடித்து வருவதாக ஏற்பாடு.

“அவிய ஒரே ஒரு காரியம்தான் சொன்னாவ. அங்க தையல் மிஷினு வைக்க இடம் இல்லியாம்.”

“எவ்வளவு பெரிய வீடு அண்ணா?” என்றாள் சித்தி.

“ரெண்டு மாடி உண்டு.”

சித்தி ரசத்தை இலையில் ஓடவிடாமல் சோற்றால் அணை கட்டினாள். “நாலு போர்வைக்கு வெட்டிப் போட்டாச்சு. தைக்காம எப்படி?”

“எட்டி, ரெண்டு மாடியில இருக்கப் போறவளுக்கு எதுக்கு இந்தக் கந்தலு?”

மாமாவிடம் பொன்சரிகைக் கரை போட்ட ஒரு கசவு வேட்டி இருந்தது. நல்ல காரியம் பேச அதைக் கட்டிக்கொண்டுதான் போவார். அம்மாவின் கல்யாணம் அந்த வேட்டியில் முடிந்தது. எல்லைத் தகராறு ஒன்றும் அதில் தீர்ந்தது. வேறு வேட்டியில் போன ஒரே முறை நாய் கடித்தது. தேய்த்து மடித்த வேட்டியை மெத்தைக்கு அடியில் வைத்து மடிப்பை நிறுத்துவது அவர் வழக்கம். அன்று மெத்தை சித்தியின் வசம் இருந்தது. மேசையில், வெட்டக் காத்திருந்த துணியடுக்கின் மேல் அவள் பாரத்துக்கு அம்மிக்குழவி வைத்திருந்ததைக் கண்டார். வேட்டியை அந்த அடுக்குக்குள் செருகினார். “நல்ல கனம்” என்று குழவியைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அடுத்த அறையில் பாய் விரித்துத் தூங்கினார்.

எழுந்து வந்தபோது அடுக்கு இல்லை. குழவி மட்டும் இருந்தது.

மாமா தட்டம் தட்டமாகத் தன் வேட்டியைத் தேடினார். எல்லாத் தட்டத்திலும் கொஞ்சம் கிடைத்தது. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்த அம்மா, பதற்றத்தில் மின்விசிறியைப் போட்டுவிட்டாள். நான்கு போர்வைகளும் ஒரு வேட்டியும் அறை முழுக்கப் பறந்தன. மாமாவின் வழுக்கையில் ஒரு மஞ்சள் சதுரம் வந்து உட்கார்ந்தது.

“கவனிக்கல்லியே அண்ணா,” என்றாள் சித்தி. “அடுக்குல உள்ளதாக்கும்னு நினைச்சேன்.”

“கசவு மினுங்குனது கண்ணுல படல்லியா?”

“மேல் துணியப் பாத்துத்தானே வெட்டுகது.”

அம்மா அப்பாவின் வேட்டியைக் கொண்டுவந்தாள். மாமா தன் கணுக்காலின் பழைய தழும்பைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார். ஒற்றசேகரமங்கலத்துக்குப் போன் செய்து, வீட்டில் ஒரு அசௌகரியம், பிறகு வருகிறேன் என்றார். மாமா புது வேட்டி வாங்கி அதை ராசி பார்த்து முடிப்பதற்குள் அந்த வீட்டார் வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டார்கள்.

எனக்குச் சித்தியை நினைத்துத் துக்கமாக இருந்தது. ஒரு கவனக்குறைவால் ரெண்டு மாடி போயிற்றே. அன்று என் பங்கு அப்பளத்தை அவளுக்குக் கொடுத்தேன். துக்கத்தை மறைக்கத்தான் அவள் அப்படிச் சிரித்துக்கொண்டே சாப்பிடுகிறாள் என்று நம்பினேன்.

வேட்டிச் சதுரங்களைப் பொறுக்கி எனக்கு ஒரு சின்னப் போர்வை தைத்துத் தந்தாள். சுற்றிலும் கசவுக்கரை. இப்போதும் அது என் கட்டிலில் இருக்கிறது. போன மாதம் ஆசைப்பட்டு நானும் ஒரு சக்கரக் கத்தி வாங்கினேன். பழைய வேட்டி ஒன்றை மடித்தபடியே வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து உருட்டினேன். நாலாவது மடிப்போடு கத்தி நின்றுவிட்டது. விரித்துப் போட்டபோது ஒரே உருட்டில் வெட்டிக்கொண்டு ஓடியது. எழுந்து போய்ப் போர்வையைப் பார்த்தேன். கசவில் ஒரு வெட்டுக்கூட இல்லை. கரை மட்டும் நீளவாக்கில் தனியாக, நூல் பிடித்தாற்போல் எடுக்கப்பட்டிருந்தது.

சித்தியைப் போனில் கூப்பிட்டு, மடித்த வேட்டி வெட்டுப்படவில்லை என்று சொன்னேன். அந்தப் பக்கம் தையல் மிஷின் சற்று நின்றது.

“பிளேடு கொள்ளாது மக்கா, மழுங்கிப் போச்சு, மாத்திப் பாரு,” என்றாள். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.