விமலாவோடு பேசக் கூடாது என்றார்கள்

பிரியமானவர்களே, என் பெயர் ஜெயமேரி. வயது நாற்பத்திரண்டு. இதை எழுதும்போதுகூட யாரோ பின்னால் நின்று படிப்பதுபோல் இருக்கிறது. இரண்டு தடவை எழுந்துபோய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தேன். ஆனாலும் எழுதுகிறேன். ஆண்டவர் எனக்குச் செய்ததை நான் மறைத்தால், அந்தப் பயம் ஜெயித்ததாகிவிடும்.

ஆறு வருடங்களுக்கு முன் திண்டிவனத்தில் என் கணவர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு தையல் மெஷினும் நானும்தான். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குப் போனபின், பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் ஜெபக் கூட்டம் நடத்துகிறவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். ஒரு மாதம் முழுக்கச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் அழுதால் கூடவே உட்கார்ந்து அழுதார்கள். அந்த அன்பு பொய் என்று இன்றும் எனக்குச் சொல்ல வரவில்லை. அதனால்தான் பிறகு வந்தது எதுவும் எனக்கு உறைக்கவில்லை.

முதலில் டிவி வேண்டாம், பிறகு மருந்து மாத்திரை வேண்டாம், ஜெபம் போதும் என்றார்கள். அடுத்து, கூட்டத்தை நடத்துகிறவரை "அப்பா" என்று கூப்பிடச் சொன்னார்கள். தனியாக ஜெபித்தால் சத்துருவாகிய சாத்தான் கேட்டுக்கொள்வான், எந்த விண்ணப்பமும் அப்பா வழியாகத்தான் மேலே போகும் என்றார்கள். கூட்டத்தில் இல்லாதவர்கள் எல்லாரும் "வெளியாட்கள்". என் தம்பி அந்தோணியும் வெளியாள்தான். காணையில் லோடு வண்டி ஓட்டுகிறான். ஒருநாள் என்னைப் பார்க்க வந்தவன் சத்தம் போட்டுவிட்டான்.

"யாருக்கா அவரு, நீ அப்பான்னு கூப்பிட? நம்ம அப்பா இன்னா ஆனாரு?"

இனிமேல் வராதே, போனும் பண்ணாதே என்று அவனிடம் சொன்னேன். எனக்குச் சொல்லிக் கொடுத்த வார்த்தைகளை அப்படியே சொன்னேன். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. சரியாகச் செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அந்த வாரமே வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மெஷினோடு அந்தக் கூட்டத்து வீட்டுக்கே குடிபோனேன். அங்கே நான்கு வருடம் இருந்தேன்.

அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு கொடுப்பார்கள். நம்முடைய பாவத்தை மட்டுமல்ல, கூட இருப்பவர்களின் குறையையும் அதில் எழுதி, சனிக்கிழமை அந்த வீட்டை நிர்வகிக்கும் மூத்த சகோதரியிடம் கொடுக்க வேண்டும். யார் சந்தேகமாகப் பேசினார்கள், யார் வெளியாளைப் பார்த்துச் சிரித்தார்கள், எல்லாம் எழுதணும். எழுதாவிட்டால் எதையோ மறைக்கிறோம் என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை ராத்திரி, யாரை எழுதுவது என்று நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு விழித்திருப்பேன். கூட்டத்தைவிட்டுப் போனவர்கள் லாரியில் அடிபட்டுச் செத்த கதைகளை அப்பா அடிக்கடி சொல்வார். ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதைகள்தான் ஞாபகம் வரும்.

போன வருடம் விமலா என்ற பெண்ணை என் அறையில் தங்க வைத்தார்கள். இருபத்துமூன்று வயது, முதல் பிரசவம், எட்டாவது மாதம். அவள் கணவனை அப்பா ஊழியத்துக்கென்று வேறு ஊருக்கு அனுப்பியிருந்தார். அவளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கண்காணிப்பதும் என் வேலை.

ஒருநாள் அவள் தலைவலிக்கு மாத்திரை கேட்டாள். நான் நோட்டில் எழுதினேன்: "விமலா மாத்திரை கேட்டாள். அவிசுவாசம்." இந்தக் கையால்தான் எழுதினேன்.

சனிக்கிழமை அவளை எல்லார் முன்னாலும் எழுப்பி நிற்க வைத்தார்கள். இருபத்தொரு நாள் யாரும் அவளோடு பேசக் கூடாது என்று அப்பா சொன்னார். நானும் பேசக் கூடாது; என் படுக்கையை ஹாலுக்கு மாற்றிவிட்டார்கள். சோற்றுத் தட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடணும்.

நான்கு நாள் அப்படியே செய்தேன். அவள் கால் வீங்கிப்போய்ச் செருப்பு நுழையவில்லை. முகமும் உப்பியது. ஐந்தாம் நாள், புதன்கிழமை, மத்தியானம் தட்டை வைக்கப் போனபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரி இருக்குதுக்கா. நீங்க பேசாட்டியும் பரவால்ல. செத்த நேரம் எதிர்ல மட்டும் உக்காருங்க."

நான் உட்காரவில்லை. சமையலறைக்கு ஓடிவந்து அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்கு வருடத்தில் முதல் தடவையாக, யாருக்கும் சொல்லாமல், நானே ஜெபித்தேன். "ஆண்டவரே, பேசினால் பாவமா, பேசாமல் இருந்தால் பாவமா? எனக்குத் தெரியவில்லை. அவளைச் சாகவிடாதீர். எனக்கு யாராவது ஒருவரைக் கொடும்." அவ்வளவுதான். சத்தமும் கேட்கவில்லை, வெளிச்சமும் தெரியவில்லை. ஆனால் என் கால் அவள் அறைக்குத் திரும்பிப் போனது.

"விமலா, எழுந்திரும்மா. ஆஸ்பத்திரி போலாம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

என் போன் மூத்த சகோதரியிடம் இருந்தது. எதிர்வரிசையில் மாவுக்கடை வைத்திருக்கும் தனம் அக்காவிடம் ஓடினேன். அத்தனை வருடம் அவர்களை நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. ஒரு கேள்வியும் கேட்காமல் போனை நீட்டினார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். பிறகு எனக்கு மனப்பாடமாக இருந்த ஒரே நம்பரை அழுத்தினேன். மாற்றியிருப்பான் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது ரிங்கில் எடுத்துவிட்டான்.

"அந்தோணி, நான்தாண்டா..."

"அக்கா! எங்க இருக்கே? சொல்லு, எங்க இருக்கே?"

"திண்டிவனத்துலதான். ஒரு புள்ளத்தாச்சிக்கு ரொம்ப முடியலடா."

"நானும் இங்கதான் மண்டில மல்லாட்டை மூட்டை எறக்கிக்கினு இருக்கேன். பத்து நிமிஷம். வாசல்லயே நில்லு."

கேளுங்கள். காணையிலிருந்து வருவதென்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாதத்தில் ஒருநாள், இரண்டுநாள்தான் அவன் திண்டிவனம் வருவான். அந்த ஒருநாள் அந்தப் புதன்கிழமை.

விமலாவைத் தாங்கிப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தபோது மூத்த சகோதரி வழியை மறித்தார்.

"இந்தப் படிய தாண்டுனா வழியிலயே ரெண்டு பேரும் போய்ச் சேருவீங்க. ஒன் புருஷன் போனது பத்தலையா?"

நான் விமலாவின் ஒரு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தனம் அக்கா ரோட்டைத் தாண்டி வந்து விமலாவின் இன்னொரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார்கள். "ஜல்தி வாம்மா" என்றார்கள். படியைத் தாண்டினோம். ஆம்புலன்ஸுக்கு முன்னால் தம்பி வண்டி வந்துவிட்டது.

திண்டிவனத்தில் பிரஷர் பார்த்த டாக்டரம்மா, ரொம்ப ஏறியிருக்கிறது என்று ஊசி போட்டு, உடனே விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார். அந்தப் பயணத்தை நான் மறக்க மாட்டேன். எதிரே லாரி வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். இதுதான், இந்த லாரிதான், என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். நான் மீறியதற்கு இந்தப் பெண்ணும் சாகப்போகிறாள் என்று நினைத்தேன். லாரிகள் தம்பாட்டுக்குக் கடந்து போயின.

அன்று சாயங்காலமே ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். இரண்டு கிலோகூட இல்லை. விமலாவுக்கு இரண்டு நாள் நினைவு சரியில்லை. மூன்றாம் நாள் கண் விழித்துக் குழந்தையைக் கேட்டாள். நான் வராந்தாவுக்கு வந்து தரையில் உட்கார்ந்து அழுதேன். தம்பி டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பழையதை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில்தான் எனக்குத் தைரியம் வந்தது. "விமலா, நீ மாத்திரை கேட்டத நான்தான் எழுதிக் குடுத்தேன்" என்றேன்.

அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தெரியும்கா. நீங்க தூக்கத்துல தம்பி பேரைச் சொல்லி அழுவுறீங்கன்னு நானும் எழுதிக் குடுத்தேன்."

இருவரும் வெகுநேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

இப்போது காணையில் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வேறொரு மெஷினில் தைக்கிறேன். விமலா குழந்தையோடு முகையூரில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். அவள் கணவன் இன்னும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். குழந்தையைப் பார்க்க வரவில்லை. அவருக்காக ஜெபியுங்கள். எனக்காகவும்தான். பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். வெள்ளிக்கிழமைகளில் அது இன்னும் வருகிறது. ஆனால் அப்போது நான் நோட்டைத் தேடுவதில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, இருந்த இடத்திலேயே கண்ணை மூடி ஆண்டவரிடம் பேசுகிறேன். தப்பும் தவறுமாகத்தான் பேசுகிறேன். அவர் அடிப்பதில்லை, கேட்கிறார்.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது இப்படி ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு, உங்களையே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவர்களை விட்டுவிடாதீர்கள். அப்படியோர் இடத்தில் நீங்களே இருந்தால், இன்றைக்கு ஒரு தடவை, யாரிடமும் அனுமதி கேட்காமல், உங்கள் சொந்த வாயால் அவரைக் கூப்பிட்டுப் பாருங்கள். உதவி யார் வீட்டு வாசலிலிருந்து வரும் என்று எனக்குத் தெரியாது. வரும். அவருக்கே ஸ்தோத்திரம்.