செப்பு வாங்க வந்தவர்கள்

இன்று ஊறிய வெந்தயத்தை அரைத்தபோது மாரெட்பள்ளியில் அம்மா வைத்திருந்த கடையின் வாசனை வந்தது. அந்தத் தெலுங்கு ஊருக்குப் புதிதாக வந்த அம்மா, காகிதக் கூழில் வெந்தயம் அரைத்துச் சேர்த்து, குழந்தைகள் சமைத்து விளையாடும் செப்புச் சாமான்களை அங்கே செய்து விற்றாள். வாங்க ஆளில்லை, இந்த மாதத்தோடு மூடிவிடுவதாகச் சொல்லிக்கொண்டே, கடைசி முயற்சியாக ‘செப்பு’ என்று தெலுங்கு எழுத்தில் பலகை மாட்டினாள்.

மறுநாளே கூட்டம். குட்டி அடுப்புகளைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

"செப்புலு எக்கட அம்மா?" என்று கடை முழுக்கத் தேடினார்கள்.

"இதுதானே செப்பு!"

ஒரு பெண் சிரித்தபடி, வார் அறுந்த செருப்பைத் தூக்கிக் காட்டினாள். தெலுங்கில் செப்பு என்றால் செருப்பு என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

"பலகையைக் கழட்டிடலாமாம்மா?"

அந்தப் பெண்ணின் மகள் ஒரு பானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அது வேண்டுமென்று அழத் தொடங்கியிருந்தாள்.

"இருடி, பலகை இருக்கட்டும்," என்றாள் அம்மா.